மண்ணுக்குள் ஒரு மருந்துக் கிடங்கு

குற்றாலத்தில் சாரல் கட்டியது என்றால், ஊரெல்லாம் அங்கேதான். நாமும் போனோம். ஐந்தருவியில் முண்டியடித்து, பழைய குற்றாலத்தில் வரிசையில் நின்று, ஒருவழியாகத் தலை நனைத்துக்கொண்டு, ஈரத் துண்டும் ரம்புட்டான் பழப் பையுமாகத் தென்காசி கடந்து ஆலங்குளம் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு தேநீர்க் கடை. ஓலைச் சார்ப்பின் கீழே ஒதுங்கி, கண்ணாடித் தம்ளரைக் கையில் வாங்கிய அந்த நொடியில், எங்கோ தொலைவில் 'டமார்' என்று ஓர் ஓசை. பெஞ்சு அதிர்ந்தது. உடன் வந்த தோழர் தேநீரைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, குவாரியில வேட்டுப் போடுதாவ" என்றார் கடைக்காரர், சிரித்துக்கொண்டே. "சாரக் காலம்லா? மருந்து நமத்துப் போவும்னு சட்டுனு முடிச்சிருதாவ."

இன்றைய குவாரி வெடி சாரலுக்கெல்லாம் நமத்துப் போகிற சாதியல்ல. அது அவருடைய பாட்டன் காலத்துப் பேச்சு. ஆனால் அந்தப் பழம்பேச்சு நம் நெஞ்சில் ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டது. இந்தச் சாரல் நேற்றைக்குத்தானா அடிக்கிறது? பூலித்தேவன் காலத்திலும் அடித்ததே! நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் சிவகிரியும் சொக்கம்பட்டியும் இந்த மலையின் நிழலில் இருந்த கோட்டைகள்தாமே! அங்கே துப்பாக்கி இருந்தது, பீரங்கி இருந்தது, அவற்றை முழங்க வைக்கும் கருமருந்தும் இருந்தது. ஆண்டில் பல மாதம் காற்றே ஈரமாக வீசும் இந்த மலையடிவாரத்தில், அந்தக் கருமருந்தை எங்கே வைத்துக் காத்தார்கள்? எப்படிக் காத்தார்கள்?

வாளைப் பாடியிருக்கிறோம், வேலைப் பாடியிருக்கிறோம். வீரனின் மீசையைப் பாடாத மேடை உண்டா? ஆனால் வாளும் வேலும் வென்ற காலம் போய், மருந்து உலர்ந்திருக்கிறதா ஈரமாயிருக்கிறதா என்பதே வெற்றி தோல்வியை முடிவு கட்டிய காலம் ஒன்று வந்தது. அந்தக் காலத்தில்தான் நாம் நாட்டை இழந்தோம். ஆகவே மருந்துக் கிடங்கின் கதையையும் கொஞ்சம் கேட்டு வைப்போம்.

கருமருந்தின் சங்கதி எளிது. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. நூறு பங்கில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற அளவு. வெடியுப்பு நம் ஊர் மண்ணிலேயே பூக்கும். மாட்டுக் கொட்டிலின் அடியிலும் பழஞ்சுவரின் ஓரத்திலும் வெள்ளையாய்ப் பூத்திருப்பதைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுப்பார்கள். கரிக்கு எருக்கஞ்செடி போதும். கந்தகம் மட்டும் கப்பலேறி வரவேண்டும். பாளையக்காரனின் அரண்மனைக்குக் கந்தகம் போய்ச் சேரும் வழியெல்லாம் வெள்ளையன் ஏன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தான் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

செய்வது எளிது, வைத்திருப்பதுதான் பாடு. வெடியுப்பைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் கறியுப்பு கலந்துவிட்டால், மருந்து காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடிக்கும். குடித்த மருந்து எரியாது, புகையும். ஈரம் ஒரு பக்கம் பகை என்றால், மறுபக்கம் தீப்பொறி. கிடங்குக்குள்ளே விளக்கு ஆகாது, இரும்பு ஆகாது, ஆணியடித்த செருப்பு ஆகாது. இவை போதாதென்று, எதிரியின் குண்டு வேறு வானத்திலிருந்து வந்து விழும். ஆக, நனையக் கூடாது, பொறி படக் கூடாது, குண்டு துளைக்கக் கூடாது. மூன்றுக்கும் சேர்த்து மனிதன் கண்ட விடை மண்ணுக்குள் இறங்குவது என்பதாகும்.

அப்படி இறங்கிய கிடங்குகளை இன்றும் கண்ணால் காண வேண்டுமானால், நாம் காவிரிக்கரை போக வேண்டும், சீரங்கப்பட்டணத்துக்கு.

காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்து நிற்கும் தீவு அது. ஐதர் அலியின் தலைநகர். அவன் மகன் திப்புவின் தலைநகர். 1782-இல் ஐதர் மறைந்து, 1799-இல் திப்பு களத்தில் வீழ்ந்தது வரை இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில், அந்தத் தீவில் வெடிமருந்துக் கிடங்குகள் பல எழுந்தன. எழுந்தன என்று சொல்வதுகூடப் பிழை. இறங்கின என்பதே சரி. ஒரு பாதி மண்ணுக்குள், மறு பாதி வெளியே. செங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கனத்த சுவர். அழகு இல்லை, சிற்பம் இல்லை, மாடம் இல்லை. தரியா தௌலத் மாளிகையின் வண்ண ஓவியங்களைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும் சுற்றுலாக்காரர், இவற்றைப் பழைய தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார். ஆற்றுத் தீவில், தோண்டினால் நீர் சுரக்கும் நிலத்தில், முழுக்கப் புதைத்தால் மருந்து நனைந்துவிடும். முழுக்க வெளியே விட்டால் குண்டு வந்து விழும். பாதிப் பாதி என்ற அந்தக் கணக்கிலே கட்டியவனின் அறிவு தெரிகிறது. கட்டிய கொத்தன் பெயரை எந்த ஏட்டிலும் காணோம். வழக்கம்தானே அது!

அந்தக் கிடங்குகளின் காலத்தில் மைசூர்ப் படைக்குத் தனிப்பெருமை சேர்த்த கருவி வாணம். திருவிழாவில் விடும் வாணமல்ல. ஏறத்தாழ ஒரு சாண் நீள இரும்புக் குழல். அதற்குள் மருந்தைக் கெட்டித்து, நீண்ட மூங்கிலோடு பிணைத்து, பற்ற வைத்து விடுவார்கள். ஐரோப்பாவில் அப்போது வாணத்தின் உடல் அட்டை. அட்டை கொஞ்சம் அழுத்தத்திலேயே கிழியும், இரும்பு தாங்கும். தாங்குவதால் உள்ளே அழுத்தம் பெருகும். அழுத்தம் பெருகுவதால் தூரம் பெருகும். ஒரு மைலுக்குக் குறையாமல் சீறிப் போய் விழும் என்பார்கள்.

இதன் வேகத்தை முதலில் நன்றாக உணர்ந்தவர்கள் கும்பினிக்காரர்கள்; உணர்ந்த இடம் நம் தமிழ்நாடு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலே புள்ளலூர். 1780 செப்டம்பர் 10. கர்னல் வில்லியம் பெய்லியின் படையை ஐதரும் திப்புவும் வளைத்துக்கொண்டனர். நடுப்போரில் பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. வாணம் பட்டு வெடித்தது என்பர் சிலர், பீரங்கிக் குண்டு பட்டு வெடித்தது என்பர் சிலர். எது பட்டால் என்ன? மருந்து போனது, படையும் போனது. சில மைல் தூரத்தில், காஞ்சியில், பெரிய படையோடு இருந்தார் ஜெனரல் மன்ரோ. பக்சார் வென்ற மன்ரோ! அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெய்லி கைதியாகிச் சீரங்கப்பட்டணம் போனார், அங்கேயே 1782-இல் இறந்தார். அதே களத்தில் பிடிபட்டு, அதே கோட்டையில் ஏறத்தாழ நாலாண்டு விலங்கோடு கிடந்து, உயிரோடு வெளியே வந்த இன்னொரு அதிகாரியின் பெயர் டேவிட் பேர்டு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 1799. ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் கும்பினிப் படை, அதோடு ஐதராபாத் நிஜாமின் படை, மேற்கிலிருந்து பம்பாய்ப் படை. சீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில், கோட்டைக்கு வெளியே ஒரு தோப்பில், இரவு நேரத்தில், வாணம் சீறியது கண்டு தடுமாறித் திரும்பினார் ஓர் இளம் கர்னல். ஆர்தர் வெல்லெஸ்லி என்று பெயர். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு அவர்தான்.

மே மாதம் 2-ஆம் நாள். மதிலை உடைக்க இடைவிடாமல் சுட்டுக்கொண்டிருந்தன பீரங்கிகள். அவற்றிலிருந்து போன குண்டு ஒன்று, கோட்டைக்குள்ளே வாணங்கள் அடுக்கியிருந்த ஒரு கிடங்கில் விழுந்தது. கரும்புகை வானளாவ எழுந்தது. புகைக்குள் வாணங்கள் நாலாபுறமும் வெடித்துப் பறந்தன. தன் படையைக் காக்கச் செய்த வாணம், தன் கோட்டையிலேயே பாய்ந்தது. இரண்டே நாள். மே 4, நடுப்பகல். காவிரியில் கோடைத் தண்ணீர், இறங்கி நடக்கலாம். உடைந்த மதிலின் வழியே படை ஏறியது. ஏற்றிச் சென்றவர் யார்? பேர்டு! கைதியாய்க் கிடந்த கோட்டைக்குள் வாளோடு திரும்பி வந்தார். அன்று மாலைக்குள் திப்பு பிணக்குவியலுக்குள் கிடந்தான்.

மண்ணுக்குள் வைத்தால் காப்பு என்றோம். காப்புத்தானா? இங்கே சற்று நின்று, கடல் கடந்து ஒரு செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரனே தன் நாட்டில் இதே வேலையைச் செய்தான். ஸ்டாஃபோர்டுஷயரில் ஃபால்டு என்ற இடம். ஜிப்சம் வெட்டிய பழைய சுரங்கம். அதற்குள் விமானப்படை தன் குண்டுகளை அடுக்கியது. மேலே புல்வெளி, பண்ணை வீடு, மேயும் மாடு. கீழே ஆயிரக்கணக்கான டன் குண்டு. எதிரி விமானம் எத்தனை வந்தாலும் தொட முடியாது. தொடவும் இல்லை. 1944 நவம்பர் 27, காலை பதினோரு மணிக்கு மேல், அது தானாகவே வெடித்தது. மூவாயிரத்து ஐந்நூறு டன்னுக்குக் குறையாத வெடிபொருள் ஒரே நேரத்தில்! பண்ணை ஒன்று, ஆட்களோடும் மாடுகளோடும், இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. அருகிலிருந்த நீர்த்தேக்கம் உடைந்து, ஜிப்சம் ஆலைக்குள் சேறும் நீருமாய்ப் பாய்ந்தது. ஏறத்தாழ 70 பேர் மாண்டனர். பலருடைய உடலே கிடைக்கவில்லை. தொலைதூர மொராக்கோவின் காசாபிளாங்கா வரை நிலநடுக்கக் கருவிகள் ஆடின. நூறடி ஆழம், பன்னிரண்டு ஏக்கர் பரப்பில் ஒரு பள்ளம் இன்றும் இருக்கிறது, சுற்றிலும் வேலியோடு; உள்ளே வெடிக்காத குண்டுகள் உண்டென்ற எச்சரிக்கையோடு.

காரணம்? முப்பது ஆண்டு கழித்து, 1974-இல்தான் வெளியே சொன்னார்கள். குண்டிலிருந்து வெடிதூண்டியைக் கழற்றும்போது, மரக்கட்டை பயன்படுத்த வேண்டிய இடத்தில் யாரோ பித்தளை உளியைப் பயன்படுத்தியிருக்கலாமாம். 'யாரோ' என்றால் கூலிக்கு வேலை பார்த்தவன். போர் மும்முரம், ஆள் பற்றாக்குறை, அவசரம். இத்தாலியப் போர்க் கைதிகளும் அங்கே வேலை செய்தார்கள்; செத்தவர்களில் அவர்களும் உண்டு. அதே 1944 ஏப்ரல் 14-இல், நம் பம்பாய்த் துறைமுகத்தில், ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் பஞ்சு மூட்டையையும் வெடிபொருளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வந்து வெடித்ததே, அங்கே செத்ததும் துறைமுகக் கூலியும் தீயணைப்புப் படைக்காரனும் அக்கம்பக்கத்துக் குடிசைக்காரனும்தான். கிடங்கு மண்ணுக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், அதன் வாசலில் நிற்பவன் என்றும் ஒருவனே.

போகட்டும்; சீரங்கப்பட்டணத்துக்குத் திரும்புவோம்.

கோட்டையைப் பிடித்த கும்பினிக்காரன் முதலில் என்ன செய்தான்? கிடங்குகளைத் திறந்து எண்ணினான். எரியத் தக்க வாணம் 700, மருந்து அடைக்காத வெற்றுக் குழல் 9,000 என்று கணக்கு எழுதினான். சில குழல்கள் கப்பலேறி லண்டனுக்குப் பக்கத்திலுள்ள ஊல்விச் ஆயுதச்சாலைக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் வாண ஆராய்ச்சியில் இறங்கினார். சில ஆண்டுகளில் 'காங்கிரீவ் வாணம்' பிறந்துவிட்டது! 1807-இல் கோபன்ஹேகன் நகரை எரித்தது அது. 1814-இல் அமெரிக்காவின் பால்டிமோர் கோட்டை மீது பொழிந்தது அது. அமெரிக்கரின் நாட்டுப் பாட்டிலே வாணத்தின் செவ்வொளி என்று ஒரு பேச்சு வருகிறதே, அந்த ஒளியின் பாட்டன் காவிரிக்கரையில் பிறந்தவன்.

இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார், ஏவுகணைப் பயிற்சிக்கு. வாலப்ஸ் தீவில் ஏவுதளத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம். வாணம் விடும் போர்க்களம். விடுகிறவர்கள் வெள்ளையரல்லர், கறுத்த தோல்காரர்கள். உற்றுப் பார்த்தால், திப்புவின் படை! நம் நாட்டில் மறந்துவிட்டதை அங்கே சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்களே என்று வியந்து, தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலிலே எழுதினார் அப்துல் கலாம்.

இனி நம் பக்கம் வருவோம். சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது மே 4. பாஞ்சாலங்குறிச்சியின் மதில் முன்னே மேஜர் பானர்மேனின் படை வந்து நின்றது அதே ஆண்டு செப்டம்பர் 5. நடுவே எத்தனை நாள்? நான்கு மாதம். இரண்டு செய்திகளையும் பள்ளிக்கூடத்தில் தனித்தனிப் பாடமாய்ப் படிக்கிறோம். ஒரே செய்தியின் இரண்டு பக்கங்கள் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. மைசூரில் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்த வரை நெல்லைச் சீமையில் கும்பினிக்குக் கை கட்டுப்பட்டிருந்தது. மைசூர் முடிந்தது, கை அவிழ்ந்தது. அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள்.

தூக்கிலிட்டது பாடத்தில் இருக்கிறது, படத்தில் இருக்கிறது. அதன்பின் வந்ததைத்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை. பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளை இடித்துத் தள்ள வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து வெளியேறினான். இடித்த கோட்டையைப் பாஞ்சாலங்குறிச்சி மக்கள் சில நாளிலேயே மீண்டும் எழுப்பிவிட்டார்கள். மண்ணும் வைக்கோலும் பதநீரும் கலந்து குழைத்த மதில் என்பது நம் பக்கத்து வழக்கு. வந்த வெள்ளையன் தன் கண்ணையே நம்பவில்லை. மே 24 வரை தாக்குப் பிடித்தது அந்த மண்கோட்டை. பிடித்த பிறகு, சுவடே தெரியாதபடி தரைமட்டமாக்கினார்கள். உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று இன்றும் கிராமத்தில் சொல்வார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1-இல், எட்வர்டு கிளைவ் கவர்னராக இருந்து விடுத்த அறிவிப்பு, தென்சீமையில் பொதுமக்கள் ஆயுதம் வைத்திருப்பதையே தடுத்தது.

கவனியுங்கள். சீரங்கப்பட்டணத்தில் கிடங்கை எண்ணினான், வைத்துக்கொண்டான், கட்டடத்தை விட்டுவிட்டான். அங்கே ஒரு சிறுவனைப் பழைய அரச மரபிலிருந்து தேடி எடுத்து அரியணையில் வைத்தான். கோட்டை தனக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டான். இங்கே நெல்லைச் சீமையிலோ கோட்டையைத் தடம் தெரியாமல் அழித்தான். ஏன் இந்த வேற்றுமை? அங்கே அவன் வென்றது ஓர் அரசனை. இங்கே அவன் பயந்தது ஊர்களுக்கு. அரசனை வென்றால் மாளிகையைத் தனதாக்கிக்கொள்ளலாம். ஊர் ஊராய் மருந்து இடிக்கத் தெரிந்த மக்களை என்ன செய்வது? இடித்த உரலையும் வைத்த அறையையும் மண்ணோடு மண்ணாக்கினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். நாம் இப்படித்தான் கருதுகிறோம். மாற்றுக் கருத்துள்ள வரலாற்றுப் பேராசிரியர்கள் எழுதலாம், இடம் தருகிறோம்.

காலம் உருண்டது. சீரங்கப்பட்டணத்துக் கிடங்குகளில் ஒன்று இரயில் நிலையத்தருகே நின்றுகொண்டிருந்தது. பெங்களூர் - மைசூர் இருப்புப்பாதையை இரட்டைப் பாதையாக்கப் புறப்பட்டார்கள். புதுப் பாதை போக வேண்டிய இடத்தில் குறுக்கே திப்புவின் கிடங்கு! வேறு ஊராயிருந்தால் ஓர் இரவு போதும், பொக்லைன் போதும். அங்கே இடிக்கக் கூடாது என்ற குரல் எழுந்தது. ஆண்டுக்கணக்கில் வேலை நின்றது. கடைசியில், அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கருவிகளை வரவழைத்து, கட்டடத்தின் அடியில் இரும்பு உத்திரம் செலுத்தி, நீரழுத்தப் பலகைகளால் தூக்கி, ஏறத்தாழ ஆயிரம் டன் எடையுள்ள அந்தச் செங்கல் பெட்டியை அப்படியே, உடையாமல், நூறு மீட்டருக்கும் மேலாக நகர்த்திக் கொண்டுபோய் வைத்தார்கள். 2017 மார்ச் மாதம் நடந்தது இது. செலவு 13 கோடி ரூபாய்க்கு மேல். இரயிலும் ஓடுகிறது, கிடங்கும் இருக்கிறது.

அடுத்த ஆண்டு இன்னொரு செய்தி. கருநாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்ற ஊர். ஐதர் காலத்துப் பிதனூர்க் கோட்டை அது. அங்கே 2002-இலேயே தூர்ந்த கிணற்று மண்ணிலிருந்து துருப்பிடித்த இரும்புக் குழல்கள் கிடைத்திருந்தன. பீரங்கிக் குண்டோ என்று முதலில் நினைத்து வைத்திருந்தார்கள். பின்னரே வாணக் குழல் என்று தெரிந்தது. 2018 சூலையில் அந்தக் கிணற்றை முறையாகத் தோண்டினார்கள். மண்ணில் மருந்து வாடை வந்ததாம்! ஆயிரத்துக்கு மேற்பட்ட குழல்கள் வெளியே வந்தன. உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் ஒன்றிரண்டே இருந்த பொருள், ஒரு கிராமத்துக் கிணற்றில் ஆயிரம்.

இப்போது மறுபடியும் நம் தென்காசி. 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. நல்லது, ஆட்சியர் அலுவலகம் அருகே வந்தது. அந்த மாவட்டத்துக்குள்தான் நெற்கட்டும்செவல் இருக்கிறது. 1755-இலேயே கர்னல் ஹெரோன் படையோடு வந்து கப்பம் கேட்டு, மதிலை உடைக்கும் பீரங்கி இல்லாமல் திரும்பிப் போன கோட்டை அது. வாசுதேவநல்லூரும் இருக்கிறது, யூசுப்கானையும் பிறகு கர்னல் காம்ப்பெல்லையும் படாத பாடு படுத்திய ஊர் அது. 1761-இல் யூசுப்கான் இவற்றைப் பிடிக்க எவ்வளவு மருந்து செலவழித்தான், எத்தனை நாள் செலவழித்தான் என்பதெல்லாம் கும்பினிக் கடிதங்களில் தேடினால் கிடைக்கக் கூடியவை. அவனுடைய மருந்துக்குக் கணக்கு உண்டு. பூலித்தேவனின் மருந்துக்கு?

மக்கள் மட்டும் மறக்கவில்லை. பூலித்தேவனின் படைத்தலைவன் ஒண்டிவீரன், அருந்ததியர் குலத்து வீரன், தனியொருவனாய் இரவில் பகைவர் முகாமுக்குள் புகுந்தான்; புல்லுக்குள் பதுங்கினான்; குதிரை கட்ட முளை அடித்தவன் அது தெரியாமல் அவன் கைமேலேயே அடித்துவிட்டான்; வாய் திறக்காமல் இருந்து, கையைத் தானே வெட்டிக்கொண்டு எழுந்து, பீரங்கிகளின் வாயை முகாமின் பக்கமே திருப்பிவிட்டுப் போனான் என்பது ஊர்க்கதை. சிவகங்கைப் பக்கத்தில் குயிலியின் கதையும் இப்படித்தான். தன் உடலில் தீ மூட்டிக்கொண்டு ஆயுதக் கிடங்குக்குள் பாய்ந்தாள் என்கிறார்கள். ஏட்டில் சான்று எங்கே என்று கேட்பவர் கேட்கட்டும். எந்தப் பொருளைக் குறிவைத்து இந்தக் கதைகள் பிறந்தன என்று பாருங்கள். பீரங்கி, மருந்துக் கிடங்கு! போரின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று கதை கட்டிய மக்களுக்குத் தெரிந்திருந்தது. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் உண்டு, 2022-இல் அஞ்சல் தலையும் வந்தது. பூலித்தேவனுக்கு நெற்கட்டும்செவலில் நினைவு மாளிகை உண்டு. கட்டபொம்மனுக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் எழுப்பிய நினைவுக்கோட்டை உண்டு. அனைத்தும் வேண்டியவை, வரவேற்கிறோம். ஆனால் இவையெல்லாம் நாம் புதிதாய்க் கட்டியவை. அவர்கள் கட்டியது எங்கே?

தோண்டியதே இல்லை என்று சொல்ல மாட்டோம். பாஞ்சாலங்குறிச்சியில் 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. பழைய அரண்மனையின் அடித்தளம் வெளியே தெரிந்தது. தென்காசி மாவட்டத்திலேயே திருமலாபுரத்தில் 2024-இல் அகழாய்வு தொடங்கி, இரும்புக்காலத்து ஈமக்காட்டைக் காட்டினார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய தாழியைப் பதமாய்த் தூரிகையால் துடைத்து எடுக்கத் தெரிந்த அதே கைகள், அதே மாவட்டத்தில், இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய கோட்டைமேட்டின் பக்கமும் திரும்பலாகாதா? பழமை என்றால் ஆயிரம் ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் நம்மில் பலருக்கு. சுதந்திரத்துக்காகச் செத்தவனின் அடுப்புக்கரி பழம்பொருள் ஆகாதா?

இதற்குப் பதின்மூன்று கோடி வேண்டாம். முதலில் ஒரு பட்டியல் போதும். நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், சிவகிரி, தலைவன்கோட்டை, சொக்கம்பட்டி, ஊற்றுமலை என்று பாளையங்கள் இருந்த ஊர்களில், இன்று 'கோட்டைமேடு' என்றும் 'கோட்டைத் திடல்' என்றும் பெயர் வழங்கும் இடங்கள் எவை, பட்டா யார் பேரில், புறம்போக்கா, மேலே வீடு ஏறிவிட்டதா, பாதியை மண்ணுக்கு வெட்டியாகிவிட்டதா என்று தாசில்தார் அலுவலகமும் தொல்லியல் துறையும் சேர்ந்து ஒரு கோடையில் நடந்து பார்த்து எழுதிவிடலாம். மேடு கண்டால் செங்கல் சூளைக்கு மண் என்று நினைக்கும் காலமிது. சூளைக்காரர் வரலாற்றுக்குப் பகைவரல்லர். பலகை ஒன்று நட்டிருந்தால் அவர் அடுத்த மேட்டுக்குப் போவார். பலகை இல்லை.

முடியாது என்று யாரும் தென்காசியில் நின்றுகொண்டு சொல்ல வேண்டாம். அந்த ஊர்க் கோபுரம் எத்தனை காலம் மொட்டைக் கோபுரமாய் நின்றது! தலைமுறைகள் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போயின. 1990-இல் அது முழுக் கோபுரமாய் எழுந்தது. மனம் வைத்தார்கள், எழுந்தது. கோயில் வேறு, கோட்டைமேடு வேறு என்பார்கள். வேறுதான். கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். இதைக் குனிந்து பார்க்க வேண்டும். அவ்வளவே வேற்றுமை.

இவ்வளவையும் அந்தத் தேநீர்க் கடையில் நின்றபடியே தோழரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் அருகே வந்தார்.

"எங்க ஊர்லயும் ஒரு கோட்டமேடு உண்டும் அண்ணாச்சி. சின்னப் புள்ளையில ஆடு மேய்க்கப் போவோம். நல்ல மழ பேஞ்சு மண்ணு அரிச்சுதுன்னா, சின்னச் சின்னதா ஈயக் குண்டு கெடக்கும். பொறுக்கியாந்து கவட்டையில வச்சு ஓணான் அடிப்போம்."

"இப்போதும் கிடைக்குமா?"

"இப்ப எங்க? பாதி மேட்ட வெட்டியாச்சு. மீதிப் பாதியில கருவேலம் மண்டிக் கெடக்கு. உள்ள போனா பழைய செங்கச் சொவரு ஒண்ணு குழிக்குள்ள எறங்குத மாதிரி இருக்கும். பாம்பு கெடக்கும்னு யாரும் போவ மாட்டோம்."

எந்த ஊர் என்று கேட்டோம், சொன்னார். அந்தப் பெயரை இங்கே அச்சிடவில்லை. அச்சிட்டால் புதையல் தேடுவோர் மறுநாள் இரவே மண்வெட்டியோடு போய்விடுவார்கள். குழிக்குள் இறங்கும் அந்தச் சுவர் கிணற்றுச் சுவரோ, தானியக் குதிரோ, நாம் நினைப்பதோ, எதுவாக இருந்தாலும் இருக்கலாம். தொல்லியல் துறையிலிருந்து யாரேனும் நம் அலுவலகத்துக்கு வந்து கேட்டால், வழியோடு சொல்லக் காத்திருக்கிறோம். பாம்புக்குக் கம்பு மட்டும் அவர்கள் கொண்டுவர வேண்டும்.